வள்ளங்களுக்கு அடியில் ஒரு காடு

சங்கு குளிக்கிற வள்ளத்தின் அடிப்பக்கத்தில் என்ன படம் போடலாம் என்று 1971-இல் தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. விஷயம் சின்னதுதான். ஏழு பாகம், அதாவது ஏழு ஆள் ஆழத்தில், கயிற்றை விட்டுத் தள்ளிப் போய்ச் சங்கு பொறுக்கியவன் மூச்சு முட்ட மேலே வருவான். அண்ணாந்து பார்த்தால் முப்பது வள்ளம், முப்பதும் ஒரே மாதிரி. அடுத்தவன் வள்ளத்தில் போய் முட்டிக்கொண்டு, அந்த அவஸ்தையிலும் ஏச்சு வாங்குவான். அதனால் அடியில் ஓர் அடையாளம் வேண்டும்.

புனிதர் படம் போடலாம் என்றார் ஒருவர். புனிதர் தலைமேல் ஏறி மிதித்துக்கொண்டா தொழில் செய்வது? மீன் படம் என்றார் இன்னொருவர். சொந்தக்காரன் வந்திருக்கிறான் என்று சுறா தேடி வந்துவிட்டால்? கடைசியில், கடலோடு எந்தப் போக்குவரத்தும் இல்லாத காட்டு மிருகம்தான் நல்லது என்று முடிவாயிற்று.

அப்படித்தான் பர்னபாஸ் என்கிற சங்குகுளிக்காரன், பெண்கள் பள்ளிக்கூடத்தின் ஓவிய டீச்சர் ஹில்டாவைத் தேடி வந்தான். அவள் நாசரேத்து ஊரின் புராட்டஸ்டண்ட் சபைக்காரி. மாதாவோடும் புனிதர் சுரூபங்களோடும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. பள்ளிச் சுவர் நெடுக மிருகங்களாக வரைந்து வைத்திருந்தாள்.

"டீச்சர், என் வள்ளத்துக்கு அடியில ஒரு புலி போட்டுத் தாங்க. ஆனா முறைக்கக் கூடாது."

"முறைக்காத புலியா?"

"மூச்சு முட்ட மேல வாரவன் பயந்து வாயத் தெறந்தாம்னா கத முடிஞ்சுது. பாத்தா சிரிப்பு வரணும்."

ஹில்டா காட்டைக் கண்ணால் கண்டவள் இல்லை. அவள் ஊரில் செம்மணல் மேடான தேரியும் பனையும் மயிலும் உண்டு. புலியை ஒரே ஒரு தடவை சர்க்கஸில் பார்த்திருக்கிறாள், அதுவும் தூங்கிக்கொண்டிருந்தது. ஆகவே தனக்குத் தெரிந்த ஆட்களை வைத்தே புலியை வரைந்தாள். ஒரு கையில் குடை, மறு கையில் டிபன் கேரியர், காலையில் துறைமுகத்துக்கு வேலைக்குக் கிளம்புகிற குமாஸ்தாவின் தோரணை. பர்னபாஸ் வள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து சிரித்தான்.

புலி சிவப்பு. அந்தப் பருவம் முடிந்ததும் பர்னபாஸ் தலையைச் சொறிந்துகொண்டு வந்து, தண்ணிக்குள்ள சிவப்பு கருப்பாத் தெரியுது டீச்சர் என்றான். அடுத்த வருடத்திலிருந்து வெள்ளையும் மஞ்சளும் மட்டும். அப்புறம் அவள் கை நிற்கவில்லை. இருமல்காரனுக்கு மப்ளர் சுற்றிய யானை. கடன்காரனுக்குப் பயந்தவனுக்கு முகத்தை மூடிக்கொண்ட கரடி. செய்தித்தாள் படிக்கும் குரங்கு, லுங்கி கட்டிய ஒட்டகச்சிவிங்கி. தருவைகுளத்திலிருந்தும் கீழவைப்பாரிலிருந்தும் ஆள் வந்தது. ஊரில் அவளுக்குக் காட்டு டீச்சர் என்று பெயர் விழுந்தது. 1976-இல் சென்னையில் அவள் காகிதத்தில் போட்ட பன்னிரண்டு படங்களைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினார்கள், பத்திரிகையில் எழுதினார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சுவரில் தொங்கிய மிருகங்கள் எல்லாம் விருந்துக்கு வந்த இடத்தில் உட்காரச் சொல்ல ஆளில்லாமல் நிற்பது மாதிரி இருந்தது அவளுக்கு.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கடலுக்குள் அந்தப் படங்கள் தெரிகின்றனவா?

இந்தக் கேள்வியை அவள் மனசில் போட்ட புண்ணியவான் அதே தெருவில் குடியிருந்த விஞ்ஞான ஆசிரியர் கிருபாநிதி. "வெளிச்சம் மேலேருந்து வருது. வள்ளத்தோட அடி நிழல்ல இருக்கு. நிழல்ல என்னத்தத் தெரியும்? அவன்தான் கருப்பாத் தெரியுதுன்னு முதல் வருசமே சொல்லிட்டானே. இப்ப சொல்லுததெல்லாம் டீச்சர் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லுததுதான்" என்றார். அவர் நல்ல மனுஷர், அதனாலேயே அவள் இன்னும் கலங்கிப் போனாள். 'உங்க யானை நடந்து வருது டீச்சர்', 'உங்க புலி நேத்து ரொம்ப வேகம் டீச்சர்' என்று ஒவ்வொரு வருடமும் அவர்கள் சொன்னதை நினைத்துப் பார்த்தாள். வரைந்த யானை எப்படி நடக்கும்? பள்ளிப் பிள்ளைகள் வரைந்து காட்டும்போது அவளே இப்படித்தான் பொய் சொல்லுவாள்.

பருவம் முடிந்து கரையேறும் வள்ளங்களில் படம் பாதிக்கு மேல் சிப்பி ஒட்டிப் போயிருக்கும். புலியின் டிபன் கேரியர் இருக்கும் இடத்தில் மட்டும் சிப்பி ஒட்டாது, வண்ணம் தேய்ந்து மரம் வழவழப்பாகத் தெரியும். அந்த இடத்தில் மட்டும் ஏன் இப்படி என்று யோசித்தபடியே ஒவ்வொரு வருடமும் மஞ்சள் பூசுவாள்.

1978-இல் ஜூன் முதல் சாத்தான்குளத்துக்கு மாற்றல் என்று தாள் வந்தது. ஏழு வருடம் வேலை செய்துவிட்டு, செய்தது உண்டா இல்லையா என்று தெரியாமலே போவதா? மார்ச்சில் கடல் தெளிந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடற்கரைக்குப் போய், ஒரு தடவை என்னை இறக்குங்கள் என்று கேட்டாள். கிணற்றில் குதித்து வளர்ந்தவள், மூச்சடக்கத் தெரியும் என்றும் சொன்னாள்.

யாரும் சிரிக்கவில்லை. வள்ளக்காரர்களில் மூத்தவரான மனுவேல்தான் வாயைத் திறந்தார். "கேக்கேன்னு தப்பா நெனைக்காதீங்க டீச்சர். உங்களுக்குக் கயிறு பிடிக்க யாரு இருக்கா?"

அது அவர்கள் வழக்கம். குளிக்கிறவனின் கயிற்றை அவன் மச்சினன்தான் பிடிக்க வேண்டும், அண்ணன் தம்பிகூடக் கூடாது. கவனம் பிசகினால் தாலியறுப்பது மச்சினனின் கூடப்பிறந்தவள் அல்லவா? அதனால் அவன் கண் கயிற்றைவிட்டு நகராது. ஹில்டாவுக்குப் புருஷனும் இல்லை, இந்த ஊரில் உறவென்று ஒரு ஈ காக்கையும் இல்லை. அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "யாரும் இல்ல" என்றாள். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

மீன் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள் பர்னபாஸின் மனைவி விக்டோரியா. கூடையை மணலில் வைத்தாள்.

"இவருக்கு அக்கா மாரி ஏழு வருசமா எங்க வீட்டுக்கு வந்து போறாவ. அப்ப எனக்கு மயினிதான? நாளைக்கு ஒண்ணுன்னா அழப்போறவ நான். நான் பிடிக்கேன்."

பொம்பிளை வள்ளத்தில் ஏறுவதா என்று முனகல் கிளம்பியது. "ஒண்ணுக்கு ரெண்டா ஏறுதோம், என்ன இப்ப?" என்றாள் அவள். மனுவேல் தலையைத் திருப்பிக்கொண்டார். அவர் சம்மதத்துக்கு அதுதான் அடையாளம்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சங்கு கிடக்கிற கடலடிப் பாரின் மேல் வள்ளங்கள் எல்லாம் கூடியிருந்தன. பர்னபாஸின் சட்டையும் கால்சட்டையும் போட்டு, அவன் நீர்க்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆளை ஆழத்துக்கு இறக்குகிற கயிற்றுக் கல்லில் காலை வைத்து நின்றாள் ஹில்டா. விக்டோரியா கயிற்றை அவள் இடுப்பில் இரண்டு முடிச்சாகப் போட்டாள். "மூணு பாகத்துக்கு மேல விட மாட்டேன். மூணு 'அருள்நிறைந்த மரியே' செபம் சொல்லி முடிக்க வரைக்கும்தான் நேரம். அதுக்கு முன்னால வேணும்னா கயித்த ஆட்டணும்."

பர்னபாஸ் முன்னாலேயே குதித்து அடிக்குப் போய்விட்டான். ஹில்டா கண்ணை மூடிக்கொண்டு இறங்கினாள்.

கயிறு வெடுக்கென்று நின்றதும் கண்ணைத் திறந்தாள். கீழே வெள்ளை மணல் வெகுதூரத்துக்கு விரிந்து கிடந்தது. பயந்துகொண்டேதான் அண்ணாந்தாள்.

நிழல் இல்லை. வாசலில் காயும் வேட்டியின் வெளிச்சம் தாழ்வாரத்துக் கூரையை வெளுக்க வைக்குமே, அப்படி மணலில் விழுந்த வெயில் திரும்ப மேலேறி வள்ளங்களின் அடியில் பட்டுக்கொண்டிருந்தது. வெள்ளையும் மஞ்சளும் ஜொலித்தன. தலைக்கு நேரே புலி. அதற்கப்பால் மப்ளர் போட்ட யானை, கரடி, குரங்கு, ஒட்டகச்சிவிங்கி. கண் போகிற தூரமெல்லாம் காடு, ஏழு வருடத்துக் காடு. அலையில் வள்ளம் ஆட, ஒளி நெளிய, எல்லாக் கால்களும் முன்னும் பின்னும் போயின. யானை நடந்தது. சத்தியமாக நடந்தது. புலி குடையை ஆட்டிக்கொண்டு வேகமாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் அந்தக் கால்களை அசையாமல் நிற்கத்தான் வரைந்திருந்தாள். நடையை வரைந்தது யார்? கர்வம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பெரிய கோயிலுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டவளைப் போல உடம்பு கூசியது.

அப்போது அடியிலிருந்து பர்னபாஸ் சங்குப் பையோடு அவளைத் தாண்டி மேலே போனான். கன்னங்கள் உப்பி, முகம் கறுத்து, மூச்சின் கடைசியில் இருந்தான். அந்த நிலையிலும் கையை நீட்டிப் புலியின் டிபன் கேரியரை இரண்டு விரலால் தொட்டு, அந்த விரலை நெற்றியில் வைத்துக்கொண்டு வெளியே ஏறினான். பிழைத்தோம் என்பதற்கு அவன் வைத்திருந்த கணக்கு அது.

மரம் ஏன் தேய்ந்தது என்று ஹில்டாவுக்குத் தெரிந்தது. கயிற்றை ஆட்ட வேண்டும் என்பது மறந்தே போயிற்று.

இடுப்பில் வெட்டி இழுத்தது கயிறு. வள்ளத்தில் வந்து விழுந்தவளை விக்டோரியா இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். "ஏளா, கயித்த ஏன் ஆட்டல? மூணாவது முடிஞ்சு நாலாவதுக்கும் வந்துட்டேன். செத்துத் தொலைக்கவா போன?" அவள் உள்ளங்கை கயிற்றில் உரிந்து சிவந்திருந்தது. ஏழு வருடமாக டீச்சர் என்று மட்டுமே அழைத்தவள் அவள்.

ஹில்டா அழுதாள், சிரித்தாள், இருமினாள். பர்னபாஸைப் பார்த்து, "தம்பி, நடக்குது. எல்லாம் நடக்குது" என்றாள்.

"அதத்தான டீச்சர் வருசா வருசம் சொல்லுதோம்" என்றான் அவன், ஒன்றும் புரியாமல்.

விக்டோரியா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பத்து வருடம், புருஷன் தினம் இறங்குகிற இடத்தை அவள் ஒரு நாளும் கண்டதில்லை. ஹில்டா அவள் முகத்தைப் பார்த்தாள். தன் இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள். நீர்க்கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாள்.

"நீச்சல் தெரியும்லா?"

"சின்னப்பிள்ளைல நீந்துவேன்."

"அப்ப போ. நான் பிடிக்கேன்."

விக்டோரியா சேலையை இழுத்துக் கட்டி, கயிற்றை இடுப்பில் முடிந்துகொண்டு கல்லில் காலை வைத்தாள். தண்ணீர் மூடிக்கொண்டது. கயிறு ஹில்டாவின் கைக்குள் வழுக்கிக்கொண்டு போய், மூன்று பாகத்தில் நின்றது. எவ்வளவு நேரம் விடுவது? அவளுக்குத் தெரிந்த அளவு ஒன்றுதான். நாசரேத்தில் அப்பா கேட்டால் வீட்டுக்குள் சேர்க்கமாட்டார். இருந்தாலும் கயிற்றைவிட்டுக் கண்ணை எடுக்காமல், எங்கேயோ கேட்டுக் கேட்டுப் பாதி தெரிந்த அந்த மாதா செபத்தை முதல் தடவையாக, தப்பும் தவறுமாக, சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.