மணமகள் ஏறிய சிற்றுந்து

கெடிலத்தின் நீரும் உப்பனாற்றின் கழியும் தத்தம் வழியே கடலை நாடிச் செல்ல, ஆவணித் திங்களின் நண்பகல் வெயில் கடலூர் முதுநகரின் ஓட்டுக் கூரைகள்மேல் உருக்கிய செம்பைப்போல் வழிந்துகொண்டிருந்தது. துறையில் கட்டுண்ட விசைப்படகுகள் நின்றபடியே உறங்கும் யானைகளென மெல்ல ஆட, உலரும் மீனின் மணத்தைச் சுமந்துவந்த காற்று, மாதா கோவிலை ஒருமுறை சுற்றிவிட்டு, அதன் மதிலோரம் நின்ற வெண்ணிறச் சிற்றுந்துக்குள்ளும் எட்டிப் பார்த்தது. ஈராயிரத்து ஒன்பதாம் ஆண்டு அது. விண்மீன் இன்னிசைக் குழுவினர் தம் கருவிகளையும் ஒலிபெருக்கிகளையும் அதில் ஏற்றிக்கொண்டிருந்தனர். மறுநாள் காலை சிதம்பரத்தில் நடக்கவிருந்த ஒரு திருமணத்துக்கு, முன்மாலை வரவேற்பில் பாட அவர்களை அழைத்திருந்தார்கள்.

குழுவின் தலைவன் அருள் பிரகாஷ்; முதற்பாடகி அவன் மனைவி ஜோதி மேரி. ஐயம் என்பதை அறியாமலே வளர்ந்தவள் அவள். தன் திருமணத்தன்று குருவானவர் கேள்வியைக் கேட்டு முடிக்குமுன்னரே உரத்த குரலில் "சம்மதம்" என்று சொல்லி, கோவில் முழுவதையும் சிரிக்க வைத்தவள். எந்தப் பாட்டை எந்தச் சுருதியில் எடுப்பது என்பது முதல், எந்த மீனை எவளிடம் வாங்குவது என்பது வரை, அவள் நெஞ்சில் விடை கேள்விக்கு முன்பே வந்து நிற்கும். அத்தகையவளை அன்றைய மாலை என்ன செய்தது என்பதே, நயமுணரும் நண்பரே, இக்கதை.

தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளைப் பின்தள்ளி, ஆலப்பாக்கத்தின் உவர்நிலங்களைக் கடந்து, வெள்ளாற்றுப் பாலத்தின்மேல் ஏறியபோது தில்லைக் கோபுரங்கள் தொலைவில் நீலநிழலெனத் தோன்றின. ஆயினும் ஊருக்குள் நுழைந்தது முதலே குழப்பம் தொடங்கிற்று. வழி கேட்ட ஒருவர் மண்டபம் அண்ணாமலை நகரில் என்றார்; அங்கே கேட்டவர் மேலவீதிக்குத் திருப்பி அனுப்பினார். ஒருவாறு வந்து சேர்ந்து, மேடையில் கருவிகளை இறக்கி, முதற்பாட்டைத் தொடங்கினால், விருந்தினர் ஒருவர் பாடச் சொல்லிக் கையசைத்தார். மற்றொருவர் நிறுத்தச் சொல்லிக் கையசைத்தார். பூ வேய்ந்த இரட்டை இருக்கையில் மணமகன் சித்தார்த் மட்டும், கூட்டத்தில் தாயைத் தவறவிட்ட பிள்ளைபோல் விழித்தபடி அமர்ந்திருந்தான். அவன் அருகிருந்த இருக்கை வெறுமையாய்க் கிடந்தது.

மணமகளின் தந்தை மணவாளன் மேடையோரம் வந்து, வியர்வையைத் துண்டால் ஒற்றியவாறே, "பொண்ணு அலங்காரம் இன்னும் முடியல. நிறுத்தாம பாடிக்கிட்டே இருங்கம்மா," என்றார். சொல்லிவிட்டு அவர் விரைந்தது மணமகள் அறைப்பக்கம் அன்று, வாயிற்பக்கம். ஜோதி மேரிக்கு அது விளங்கவில்லை.

அருள் பிரகாஷ் பாடிய இடைவெளியில், தொண்டைக்கு இதமாய் வைத்திருந்த வெந்நீர்க் குடுவையை எடுக்க அவள் மண்டபத்தின் பின்புறம் சென்றாள். அடுக்களைப் புகை மூடிய அந்தி ஒளியில் சிற்றுந்தின் கதவைத் திறந்தவள் திகைத்து நின்றாள். வெற்று இசைக்கருவிப் பெட்டிகளுக்கிடையே, அரக்குப் பட்டும் தலைநிறைய மல்லிகையுமாய், முழங்காலைக் கட்டிக்கொண்டு மணமகள் இசைவாணி அமர்ந்திருந்தாள்.

"கத்தாதீங்கக்கா. இந்த வேன் எப்பக் கெளம்பும்?"

"எங்கம்மா போவணும் உனக்கு?"

"தெரியலக்கா."

"மனசுல வேற யாராச்சும் இருக்காங்களா?"

"யாருமில்ல."

"மாப்பிள்ள ஏதாச்சும் தப்பா நடந்துக்கிட்டாரா?"

"அய்யோ, ரொம்ப நல்லவரு. எங்க வீட்டுலயும் யாரும் கட்டாயப்படுத்தல. நாந்தான் சரின்னு சொன்னேன். இப்ப மாலையக் கொண்டாந்து குடுத்தாங்க, வாங்க முடியல. கை நீள மாட்டேங்குது. ஏன்னு கேட்டா என்ன சொல்லுவேன்?"

காதலென்றால் புரிந்துகொண்டிருப்பாள், கொடுமையென்றால் வெகுண்டிருப்பாள். காரணமே இல்லாத மறுப்பை எந்தக் கையால் தொடுவது என்று ஜோதி மேரிக்குத் தெரியவில்லை. தந்தையிடம் சொல்வதா? சொல்லாமல் கடலூருக்கு ஏற்றிச் செல்வதா? நல்ல சொல் நாலு சொல்லி மேடைக்கு அழைத்துப் போவதா? வெந்நீரை அவள் கையில் கொடுத்து, "இங்கயே இரு," என்று மட்டும் சொல்லிவிட்டு மீண்டும் மேடையேறினாள்.

தன் வாழ்நாளில் முதன்முறையாக அன்று அவள் பாட்டில் தடம் மாறினாள். மூன்றாம் அடி வரவேண்டிய இடத்தில் முதலடியே மீண்டும் மீண்டும் வந்தது. அருள் பிரகாஷ் அரண்டுபோய் நோக்க, கூட்டமோ அதனைப் பாடகியின் தனித்திறம் எனக் கருதிக் கைதட்டிற்று. அக்கைதட்டலின் நடுவே ஒலிவாங்கியைக் கணவன் கையில் திணித்துவிட்டு, யாரிடம் போகிறோம் என்று தானே அறியாதவள்போல் நடந்தவள், மணமகன் முன் போய் நின்றாள்.

"தம்பி, கொஞ்சம் எங்கூட வாங்க."

அவன் ஏனென்று கேளாமல் எழுந்து வந்தான். சிற்றுந்தின் கதவருகே நின்று, உள்ளிருந்தவளை நெடுநேரம் பார்த்தான். பிறகு, "காலையிலேர்ந்து ஏதாச்சும் சாப்பிட்டியா?" என்று கேட்டான். அதுவரை கலங்காதிருந்த இசைவாணியின் கண்கள், அக்கேள்வியின் கனிவு தாங்காமல் உடைந்து பெருகின.

"என்னை மன்னிச்சிடுங்க. என்னால முடியல."

"சரி. நீ வர வேணாம். நான் போயிச் சொல்லிக்கிறேன்," என்றவன், கழுத்து மாலையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி உள்ளே சென்று, ஒலிவாங்கி முன் நின்று, இம்மணம் நடவாது, இது இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு என்று சொன்னான். கடலே எழுந்து உள்ளே புகுந்தாற்போல் மண்டபம் இரைந்தது. மணமகனின் தாய், "பாட வந்தவ பாடிட்டுப் போவ வேண்டியதுதானே! எங்க குடும்பத்துல உனக்கென்ன வேலை?" என்று கொதித்தாள். ஜோதி மேரி அதைப் பொறுத்துக்கொண்டாள். மகளின் தோளை அணைத்து அழைத்துச் சென்ற மணவாளன், சற்றே நின்று தணிந்த குரலில் கேட்டதைத்தான் அவளால் பொறுக்க இயலவில்லை.

"எம்பொண்ண நான் ஊரெல்லாம் தேடிக்கிட்டு இருந்தேனேம்மா. மொதல்ல எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் மேடைக்குத் திரும்பி, ஒலிபெருக்கிகளின் கம்பிகளைக் கழற்றத் தொடங்கினாள்.

திரும்பும் வழியில் சிற்றுந்து வெள்ளாற்றைக் கடந்தது. "சிதம்பரத்துப் பக்கம் இனிமே நம்மள யாரும் கூப்புட மாட்டாங்க, மேரி," என்றான் அருள் பிரகாஷ். சினமின்றி, மழை வரும் என்பதுபோல் சொன்னான். அவன் சொன்னபடியே ஆயிற்று.

ஈராண்டு கழித்துப் பலாப்பழக் காலத்தில், பண்ருட்டிப் பேருந்து நிலையத்தில் மணவாளனை அவள் கண்டாள். ஒதுங்க எண்ணியவளை அவரே அழைத்துத் தம் அருகே இடமளித்தார். இசைவாணி திருச்சியில் ஆசிரியையாய் இருக்கிறாளாம்; இன்னும் மணம் முடிக்கவில்லை. சித்தார்த்துக்கு வேறிடத்தில் மணமாகி, குழந்தையும் பிறந்துவிட்டதாம்.

"நல்லாத்தான் இருக்கா. சிரிக்கிறா. ஆனா, அன்னைக்கு ஏன் அப்படின்னு எனக்கு இன்னும் புரியலம்மா. கேட்டா, எனக்கும் தெரியலப்பாங்கறா."

"எனக்கும் புரியலங்கய்யா. நான் செஞ்சது சரியான்னும் தெரியல."

அவர் அவளை உற்று நோக்கினார். பிறகு, நெடுநாள் தூக்கிய சுமையில் ஒரு பாதியை இன்னொருவர் தோளில் கண்டவர்போல், மெல்லச் சிரித்தார். அவளும் சிரித்தாள். பேருந்துகள் வந்தன, சென்றன, இருவரும் எழவில்லை. மனித நெஞ்சின் எல்லா அறைகளுக்கும் திறவுகோல் கிடைப்பதில்லை. பூட்டிய கதவின் முன்னே ஒருவரையொருவர் பழிக்காமல் உடன் அமர்ந்திருப்பது மட்டுமே, அன்பரே, சிற்சில பொழுதுகளில் நமக்கு வாய்க்கிறது.