மூன்றாவது வரிசைச் சிரிப்பு

"யாருமே சிரிக்கலையே," என்றேன்.

"நான் சிரிச்சேன்ல?"

"நீங்க புருஷன். உங்களைக் கணக்குல சேக்க முடியாது."

"நான் சிரிச்சதும் பின்னாடி ரெண்டு பேரு சிரிச்சாங்களே. அவங்களும் உன் புருஷனா?"

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு காபிக் கடை மாடியில் முதன்முதலாக மைக் பிடித்துவிட்டு, படியிறங்கி வரும்போது நாங்கள் பேசியது இது. எங்கள் ஏற்பாடு பிறந்ததும் அந்தப் படியில்தான்.

ஏற்பாடு மிகவும் எளிது. எங்கே நிகழ்ச்சி நடந்தாலும் என் கணவர் மூன்றாவது வரிசையில் இடது ஓர நாற்காலியைப் பிடித்துவிடுவார். ஜோக்கின் கடைசி வார்த்தையைச் சொன்னதும் நான் மைக்கை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றுவேன். மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு அவர் சிரிப்பார். அப்புறம் அரங்கமே சிரிக்கும். மற்ற நகைச்சுவைக்காரர்கள் அவருக்கு 'மூணாவது வரிசை' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர் சிரிப்பு அப்படி. தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்த மாதிரி குபுகுபுவென்று வரும். காரணம் தெரியாதவர்கள்கூடச் சேர்ந்துகொள்வார்கள். நானே அதில் விழுந்தவள்தான். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவர் வேலை. நான் சோதனைக்குப் போனபோது, கடைசி வரி தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது, படிக்கத்தான் பிடிக்கவில்லை என்றேன். சிரித்த சிரிப்பில் கையிலிருந்த லென்ஸ் தட்டைக் கீழே போட்டுவிட்டார்.

இன்று மதியம் தொலைக்காட்சி நிலையத்தின் ஒப்பனை அறையில் அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நகைச்சுவைப் போட்டியின் முதல் பதிவு. பன்னிரண்டு பேரில் ஆறு பேருக்குத்தான் அடுத்த வாரம் உண்டு. தண்ணீர் வாரியத்தில் புகார் போன் எடுக்கும் என்னை, ஒரே மாலையில் லட்சம் வீடுகளுக்குக் கொண்டுபோகப்போகிற மேடை. விரல்கள் ஐஸாகிவிட்டன. நெற்றி மட்டும் வேர்த்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவையாகப் பவுடர் போட்ட ஒப்பனைக்கார அக்கா, இனிமேல் சுண்ணாம்புதான் அடிக்கணும் என்றார்.

கூரையில் ஒரு ஸ்பீக்கர் இருந்தது. மேடையில் பேசுவது அதில் கேட்கும். எனக்கு முன்னால் போனவன் கெட்டிக்காரன். கடை கடையாக, மன்றம் மன்றமாகக் கைதட்டல் வாங்கினவன். அவன் முதல் ஜோக்கை முடித்தான். ஸ்பீக்கரில் ஒன்றுமே வரவில்லை. யாரோ இருமினார்கள். இரண்டாவது ஜோக். மறுபடியும் அந்த இருமல்.

காலையிலேயே ஒருங்கிணைப்பாளர் சொல்லியிருந்தார், குடும்பத்தார் மாடியில் கண்ணாடி அறையில் இருப்பார்கள், அவர்கள் முகம்தான் படமாகும், சத்தம் கீழே கேட்காது என்று. அதைக் கேட்டதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. நிம்மதி. அது எனக்கே வெட்கமாக இருந்தது.

காரணம், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அன்று நடுவில் எனக்கு வரி மறந்துவிட்டது. "தண்ணி வரலைன்னு புகார் கொடுத்த ஒருத்தர் மறுநாளும் போன் பண்ணினாரு," என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வாயில் ஒன்றும் இல்லை. பதற்றத்தில் மைக் இடது கைக்குப் போய்விட்டது. ஒன்று, இரண்டு. அவர் சிரித்தார். இருநூறு பேரும் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் ஜோக்கே சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சொல்லாமலே சிரிக்க வைக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டேனாம். நான் பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்படியானால் இந்த இரண்டு வருடமும் அவர்கள் சிரித்தது எதற்கு? அன்றிலிருந்து ஒரு வாக்கியம் தொண்டையில் நிற்கிறது. சமையலறையில் சொல்ல வாயெடுத்து, உப்பு போதுமா என்று கேட்டிருக்கிறேன். அவரிடம் எனக்கு முதலில் பிடித்ததையே வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

கதவு திறந்தது. கணவர். கையில் வெந்நீர் ஃபிளாஸ்க், முகத்தில் திருட்டுச் சந்தோஷம்.

யார் என்று வாசலில் கேட்டார்களாம். யாருக்கும் சொந்தக்காரன் இல்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றாராம். பொதுமக்களோடு உள்ளே விட்டுவிட்டார்களாம். கண்ணாடி அறையில் என் மாமியார் மட்டும், பச்சைப் புடவையில், கேமரா எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம்.

"மூணாவது வரிசை, இடது ஓரம். கைக்குட்டை போட்டு வச்சுட்டு வந்திருக்கேன்," என்றார். "நீ கையை மாத்து போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

ஸ்பீக்கரில் மறுபடி இருமல். அப்புறம் நன்றி என்ற ஒரு சின்னக் குரல், நாலைந்து கைதட்டல். அந்தக் கெட்டிக்காரன் ஒப்பனை அறை வாசலைத் தாண்டி யாரையும் பார்க்காமல் நடந்து போனான்.

அவர் ஃபிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றினார். அது எனக்கு என்று நினைத்தேன். தொண்டையைச் செருமி அவரே குடித்தார். சிரிப்புக்குத் தொண்டை தயாராக வேண்டுமே. எனக்கு அழுகை வந்தது. இவரை விட்டுவிட்டு அந்த மௌனத்துக்குள் தனியாகப் போவதா? சாகும் பயம் என்பார்களே, அது இதைவிடப் பெரிதாக இருக்காது.

ஒருங்கிணைப்பாளர் எட்டிப் பார்த்து, அடுத்தது நீங்கள் என்று விரலால் காட்டினார். எழுந்தேன். அவர் தன் நாற்காலியைப் பிடிக்க அவசரமாகத் திரும்பினார். நான் அவர் சட்டைக் கையைப் பிடித்தேன்.

"ஏங்க."

"என்னம்மா, வரி மறந்துடுச்சா?"

"இல்ல. வரி இருக்கு." பிடித்த கையை விடவில்லை. "இன்னைக்கு நீங்க முதல்ல சிரிக்காதீங்க. வேற யாராவது சிரிக்கட்டும். யாருமே சிரிக்கலைன்னாலும், நீங்க சிரிக்காதீங்க."