பால் வாளிப் பெரட்டு

மொனராகலைக்குப் பத்து மைல் தள்ளி, காட்டை ஒட்டி இருந்த அந்த யானைக்குட்டி முகாமில் மூன்று சட்டங்கள் இருந்தன. குட்டிகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது. பேச்சுக் கொடுக்கக் கூடாது. தடவிக் கொடுக்கக் கூடாது. தாயை இழந்து வந்த குட்டி மனிதனோடு ஒட்டிக்கொண்டால் வளர்ந்த பிறகு அதைக் காட்டில் விட்டும் பயனில்லை. நேரே ஊருக்குள் வந்து நிற்கும். யாராவது சுட்டுவிடுவார்கள்.

மாரிசாமி இந்த மூன்றையும் ஒரு நாள்கூட மீறியதில்லை. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து மூன்று வருடங்களுக்கு முன் பால் கொடுக்கும் வேலைக்கு வந்தவர். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புனலும் குழாயும் வைத்துப் பால் புகட்ட வேண்டும். அவர் வாயைத் திறப்பதே இல்லை. கைதான் சும்மா இருக்கவில்லை. அவருடைய அப்பா தோட்டத்தில் பெரட்டுத் தப்பு அடித்தவர். காலையில் அந்தச் சத்தம் கேட்டதும் லயத்து வீடுகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து, வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டு வரிசையில் நிற்பார்கள். அந்தத் தாளத்தை மாரிசாமி ஒரு நாள் விளையாட்டாகத் தகர வாளியில் தட்டினார். டண் டண் டணக்கு. ஒரே வாரத்தில் குட்டிகள் வேலியோரம் வந்து வரிசையாக நிற்கப் பழகிவிட்டன.

"என்ன கங்காணி, ஆள் கணக்கு சரியா?" என்று பால் காய்ச்சும் ஸலீம் தினமும் அவரைக் கேலியாகக் கேட்பார்.

"முப்பத்தொண்ணுதான் இன்னைக்கும் மொத ஆளு."

முப்பத்தொன்று என்பது இலக்கம். பாழுங்கிணற்றில் விழுந்து கிடந்து, மாரிசாமி வேலைக்குச் சேர்ந்த அதே மாதம் முகாமுக்கு வந்த குட்டி. தகரச் சத்தம் கேட்டால் எங்கே நின்றாலும் காதை விரித்துக்கொண்டு ஓடிவரும். இந்தத் தடவை காட்டில் விடவிருந்த ஐந்து குட்டிகளில் அதுவும் ஒன்று.

விடும் நாளுக்கு ஆறு கிழமை, ஒன்றரை மாதம், இருக்கும்போது மாரிசாமி லீவில் வீட்டுக்குப் போய்த் திரும்பினார். மொனராகலையைத் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. ரோட்டோரக் கரும்புத் தோட்டத்துக்குள் ஒரு யானை. ஆட்கள் எண்ணெய்த் தகரம், சட்டி மூடி என்று அகப்பட்டதையெல்லாம் தட்டிக்கொண்டு ஓடினார்கள். யானை திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டது. பஸ்ஸில் இருந்தவர்கள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். மாரிசாமிக்கு மட்டும், தகரச் சத்தம் கேட்டால் ஓடிவருகிற முப்பத்தொன்று நினைவுக்கு வந்தது.

பக்கத்து சீட்டில் ஹாலிஎலயில் ஏறிய ஒரு பெண். "பயப்படாதீங்க அண்ணே, தகரத்தத் தட்டுனா போயிரும்" என்றாள்.

"எல்லா யானையும் போயிருமாம்மா?"

"போகாததச் சுடத்தான் துவக்கு வச்சிருக்காங்களே."

முகாமுக்கு வந்ததும் பையைக்கூட இறக்கி வைக்காமல் மிருக வைத்தியர் சிவரூபியிடம் போனார். யாழ்ப்பாணத்துப் பெண். சட்டங்கள் மூன்றும் அவர் போட்டவைதான். அவர் முழுவதையும் கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எத்தினை வருசமா உந்த வாளியைத் தட்டுறீங்கள்?"

"வந்ததிலேர்ந்துங்க. பேசக்கூடாதுன்னீங்க, பேசல. தகரத்தத் தட்டக்கூடாதுன்னு…"

"சொல்லேல்லைத்தான். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். எனக்கும் விளங்கேல்லை." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஆறு கிழமைக்குள்ள இதுகள் அந்தச் சத்தத்துக்குப் பயந்து ஓடவேணும். ஓடாததை விடேலாது. பிறகு காலம் முழுக்கச் சங்கிலிதான்" என்றார்.

மறுநாளே ஆரம்பித்தார்கள். மாரிசாமி வேலியோரம் நின்று வாளியைத் தட்டுவார். குட்டிகள் பாதி தூரம் வந்ததும் ஸலீம் மரத்துக்குப் பின்னாலிருந்து யானை வெடியைக் கொளுத்தித் தூரத்தில் எறிவார். காயம் படக்கூடாது, பயப்பட்டால் போதும்.

வெடி வெடித்தது. நான்கு குட்டிகள் வாலைத் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடின. முப்பத்தொன்றும் ஓடியது, மாரிசாமியை நோக்கி. கம்பிக்குள்ளால் தும்பிக்கையை நீட்டி, வாளி பிடித்த கையைச் சுற்றிக்கொண்டு நடுங்கியது.

தடவக் கூடாது என்ற மூன்றாம் சட்டம் இருந்தது. மாரிசாமி அசையாமல் நின்றார்.

"வெடி வேற எங்கேயோ இருந்து வருதெண்டு நினைக்குது. உங்களிட்ட ஒளிக்க வருது" என்றார் பின்னால் நின்று பார்த்த சிவரூபி.

"அப்ப வெடியையும் நானே போடுறேன் டொக்டர். அது பார்க்கப் போடுறேன்."

அன்றிலிருந்து முப்பத்தொன்றுக்குப் பால் கொடுக்கும் வேலை ஷிப்னா என்ற பெண்ணிடம் போனது. அவள் பிளாஸ்டிக் வாளியோடு மறுபக்க வாசலால் சத்தமில்லாமல் வந்து போனாள். மாரிசாமிக்கு வாளியும் வெடியும் மட்டும். தட்டுவார், எறிவார், போய்விடுவார். இரண்டாம் கிழமையும் அது வந்தது. மூன்றாம் கிழமை பாதி வழியில் நின்று அவரைப் பார்த்தது.

"மனசு வருதா மாரி?" என்றார் ஸலீம்.

"மனசு எதுக்குங்க? கைதான் வேலை செய்யுது."

ஐந்தாம் கிழமை, வெள்ளிக்கிழமை காலை, முதல் 'டண்'ணுக்கே முப்பத்தொன்று திரும்பி ஓடியது. எறிய வேண்டியிருக்கவில்லை. மாரிசாமி வெடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்ச் சொன்னார். சிவரூபி வந்து பார்த்தார். அவர் முன்னால் மூன்று நாள் தட்டிக் காட்ட வேண்டியிருந்தது. மூன்று நாளும் ஓடியது. பிறகுதான் அதையும் விடலாம் என்று கையெழுத்து வைத்தார்.

விடுகிற நாளன்று ஐந்து லொறிகள் காட்டுக்குள் போயின. குட்டிகளின் கழுத்தில், இருக்கும் இடம் காட்டும் பட்டி கட்டியிருந்தது. மற்ற நான்கும் பலகை வழியாக இறங்கியதும் குளக்கரை மரங்களுக்குள் போய்விட்டன. முப்பத்தொன்று கடைசியாக இறங்கி நின்றது. தும்பிக்கையைத் தூக்கி ஆட்களின் பக்கம் மோப்பம் பிடித்தது. இரண்டு அடி லொறிப் பக்கமாக எடுத்து வைத்தது.

சிவரூபி மாரிசாமியைப் பார்த்தார்.

மாரிசாமி லொறிக்குள்ளிருந்து வாளியை எடுத்தார். டண் டண் டணக்கு. அப்பா அடித்த அதே தாளம்.

முப்பத்தொன்று பிளிறிக்கொண்டு திரும்பி ஓடியது. மரங்கள் அசைந்தன, பிறகு அசையவில்லை.

திரும்பி வரும்போது ஸலீம் மாரிசாமியின் பக்கம் திரும்பினார். "என்ன கங்காணி, பெரட்டுக்கு ஒருத்தரும் வரல்லையே."

"வர மாட்டாங்க" என்றார் மாரிசாமி. "எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க."

லொறி பள்ளத்தில் ஏறி இறங்கியபோது வாளி உருண்டு சத்தம் போட்டது. அவர் அதைக் காலுக்கு நடுவில் இடுக்கிப் பிடித்துக்கொண்டார்.