ஊசி ஆடாத ஆம்ப்ளிஃபயர்

அன்று மாலை கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், அவர் மனைவி, அவர்களுடைய மருமகள். எதிரே சோபாவில் சம்பந்தியான பல் டாக்டர், அவர் மனைவி, இருவருக்கும் நடுவில் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன ஸ்டேஷன் மாஸ்டரின் மகள். மாப்பிள்ளைக்கு வேலை இருந்ததால் வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரின் மகனுக்குக் கப்பலில் உத்தியோகம். அவனும் ஊரில் இல்லை. வேறு யாரும் அங்கே இல்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் தலை நிமிர்ந்து வாழ்ந்தவர். யாரிடமும் கை கட்டி நின்றதில்லை, சொன்ன சொல்லை மாற்றியதில்லை. வாழ்நாளில் அவர் தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரே ஆடம்பரம் அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயர். எஃகு முகப்பு, உள்ளங்கையை நிறைக்கும் வால்யூம் குமிழ், மஞ்சள் வெளிச்சத்தில் பாட்டுக்கு ஏற்ப ஆடும் இரண்டு ஊசிகள். தனி ஆளாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மகளின் கல்யாணப் பேச்சில் டாக்டர் வீட்டார் தங்கள் கிளினிக்கைப் பற்றியும் மாடிவீட்டைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனபோது, இவர் பக்கத்தில் எடுத்து வைக்க இருந்தது அது ஒன்றுதான்.

"ஒரு நாள் வந்து உட்கார்ந்து கேளுங்க சம்பந்தி. பாடறவங்க மூச்சு வாங்கறதுகூடக் கேட்கும்" என்றார்.

கல்யாணம் முடிந்து சில மாதங்களில் அது கருகியது. ரிப்பேர்காரர் மூடியைக் கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "விளக்கு எரியும் சார். சத்தம் வராது. இதுக்கு உண்டான பார்ட்ஸ் செய்யறதையே விட்டுட்டாங்க."

அடுத்த வாரமே டாக்டரிடமிருந்து போன் வந்தது. "ஞாயித்துக்கிழமை வர்றோம். என்கிட்ட நல்ல இசைத்தட்டு ஒண்ணு இருக்கு. உங்க மெஷின்ல போட்டுக் கேட்டுடுவோம்!"

கையில் இருந்த பணத்துக்குப் புதிதாக ஒன்று வாங்கலாம் என்று மருமகள் சொன்னாள். இந்த விஷயங்களைத் தேடிப் படிப்பதில் அவளுக்கு ஆர்வம் உண்டு. கடைக்கு மாமனாரும் மருமகளும் போனார்கள். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது ஒரு பெரிய கறுப்புப் பெட்டி. முகப்பெல்லாம் நீல விளக்கு.

"பார்க்க ஒரு கம்பீரமா இருக்கும்மா" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"விளக்கையா மாமா கேட்கப் போறோம்?"

"ஆயிரம் வாட்ஸ்னு போட்டிருக்கானே."

"போடறதுக்கு என்ன, காசா பணமா? நம்ம கூடத்துக்கு நாப்பது வாட்ஸ் உண்மையா வந்தாலே தாராளம். நம்ம ஸ்பீக்கருக்குப் பொருந்தணும். இசைத்தட்டுக்குன்னு தனி இணைப்பு இருக்கணும். தட்டுலேருந்து வர்ற சத்தம் ரொம்பச் சன்னம் மாமா. அதைத் தூக்கிவிட உள்ள ஒண்ணு இல்லேன்னா, பாட்டு கொசு பாடற மாதிரிதான் கேட்கும்."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே உள்ளே போய் வேறொன்றைக் கொண்டுவந்தார். சாப்பாட்டு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். ஸ்டேஷன் மாஸ்டர் தூக்கிப் பார்த்தார். ஒரே கையில் வந்துவிட்டது. அவருக்கு என்னவோ போல ஆனது. கடைக்காரர் ஒரு பாட்டைப் போட்டார். கண்ணை மூடிக் கேட்டபோது குறை சொல்ல ஒன்றுமில்லை. பழையது நன்றாக இருந்த காலத்தில் பாடியதற்கு இது இளைத்ததாகத் தெரியவில்லை. கண்ணைத் திறந்து பெட்டியைப் பார்த்ததும் அந்தப் பாட்டுக்கே மதிப்பு குறைந்துவிட்டது போல இருந்தது.

"பாட்டு நல்லா இருக்கு. ஆனா இதை யார் கண்ணுலயும் காட்ட முடியாதும்மா."

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சின்னதை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தார். அலமாரியின் பின்பலகையில் துளை போட்டு ஒயர்களை இழுத்தார். செத்துப்போன எஃகு ஆம்ப்ளிஃபயரைத் துடைத்து மேலே பழைய இடத்திலேயே நிறுத்தி, அதற்கும் மின்சாரம் கொடுத்தார். விளக்கு எரிந்தது. சின்னதின் ரிமோட் கதிர் உள்ளே போவதற்காகக் கீழ்க்கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்தார். பிறகு மருமகளைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்து, ரிமோட்டை அவள் கையில் கொடுத்தார்.

"நான் குமிழை வலப்பக்கம் திருப்பினா கூட்டு. இடப்பக்கம் திருப்பினா குறை. என் கையையே பார்த்துக்கிட்டு இரு."

கொடி பார்த்து ரயில் விடுவது போல இருவரும் பழகினார்கள். அடுக்களை வாசலில் நின்று அவர் மனைவி பார்த்தாள்.

"வயசான காலத்துல நாடகமா? ரிப்பேர் ஆயிடுச்சுன்னு சொன்னா வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?"

"பொண்ணு அந்த வீட்டுல வாழறா. உங்கப்பா சும்மா அளந்துவிட்டார்னு அவ காதுபட ஒரு சொல் வரக் கூடாது. நான் யாரையும் பொய் சொல்லச் சொல்லல. வாயை மூடிக்கிட்டு இருந்தாப் போதும்."

ஞாயிற்றுக்கிழமை மாலை அவர்கள் வந்தார்கள். டாக்டர் தன் இசைத்தட்டை உறையிலிருந்து குழந்தையைத் தூக்குவது போல எடுத்தார். அலமாரி மேலிருந்த ரெக்கார்டு ப்ளேயரில் அதை வைத்ததும் பாட்டு தொடங்கியது. ஒரு பெண் குரல், தம்புராவின் மேல் மெல்ல அடி வைத்து நடந்து வந்தது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அடேயப்பா! நிஜமாவே மூச்சு கேட்குது சம்பந்தி! எங்க பக்கத்து கிளினிக்காரன் கைக்குள்ள அடங்கற மாதிரி ஒரு டப்பா வாங்கியிருக்கான். தகரத்துல கல்லைப் போட்டுக் குலுக்கற மாதிரி இருக்கு. இதுக்கு முன்னாடி அதெல்லாம் நிக்குமா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அவளுக்கு எதுவும் தெரியாது. அவர் பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டார்.

"இந்த ஊசி ரெண்டும் ஆடணும் இல்ல? படுத்தே கிடக்கே" என்றாள் டாக்டரின் மனைவி.

ஊசிகளை ஸ்டேஷன் மாஸ்டர் மறந்தே போயிருந்தார். "அது... நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். கண்ணை உறுத்துது."

வாயைத் திறந்து பொய்யும் சொல்லியாயிற்று.

டாக்டர் சும்மா இருக்கவில்லை. "கொஞ்சம் கூட்டிப் பார்க்கட்டுமா?" என்று தானே எழுந்து போய்க் குமிழைப் பிடித்தார். மருமகள் குஷனுக்கு அடியில் மறைத்திருந்த ரிமோட்டை, அவர் மணிக்கட்டையே பார்த்தபடி அழுத்தினாள். பாட்டு உயர்ந்தது. "வெண்ணெயா திரும்புது!" என்றார் டாக்டர். திருப்பிக் குறைத்தார், அவளும் குறைத்தாள். ஸ்டேஷன் மாஸ்டருக்கு மூச்சு வந்தது.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி டீத் தட்டை நீட்டினாள். மருமகள் ரிமோட்டை விட்டுவிட்டு எழுந்து இரண்டு கையாலும் வாங்கினாள்.

"டீ குடிக்கும்போது பாட்டு எதுக்கு? ரெண்டுக்கும் மரியாதை இல்ல" என்று சொல்லி, டாக்டர் எஃகு முகப்பில் இருந்த சுவிட்சை அணைத்தார்.

விளக்கு அணைந்தது. ஊசிகள் இருட்டில் போயின. பாடகி மட்டும் நிறுத்தவில்லை. எடுத்த அடியை அழகாக முடித்து அடுத்த அடிக்குப் போனாள்.

டாக்டர் தன் விரலைப் பார்த்தார். மறுபடி போட்டு மறுபடி அணைத்தார். பிறகு மெல்லக் குனிந்து கீழ்க்கதவைத் திறந்தார். உள்ளே அந்தச் சின்னப் பெட்டி உட்கார்ந்திருந்தது.

யாரும் பேசுமுன் மருமகள் முந்திக்கொண்டாள். "நான்தான் டாக்டர் மாமா. பழசு ரிப்பேர். இவருக்குத் தெரியாம நான்தான் விளையாட்டா இப்படி வெச்சேன்."

"விளையாட்டா?" என்றாள் டாக்டரின் மனைவி. "வந்தவங்க முன்னாடி மாமனாரைத் தலைகுனிய வைக்கிறது விளையாட்டா? உங்க வீட்டுல இதைத்தான் சொல்லிக் கொடுத்து அனுப்பினாங்களா?"

மருமகளின் முகம் சிவந்தது. அவள் எல்லாருக்கும் டீ கொடுத்தாள். கடைசிக் கோப்பையை மாமனாரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். வாங்கியதோடு குடிக்கவும் செய்தார். பெற்றவர்களைச் சேர்த்து அவள் பேச்சு வாங்குகிறாள் என்பது அவர் காதில் விழாமல் இல்லை. தப்பித்தோம் என்ற நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது.

டாக்டரின் மனைவி ஸ்டேஷன் மாஸ்டரின் மகள் பக்கம் திரும்பினாள். "உங்க அண்ணி எப்பவுமே இப்படித்தானா?"

"ஆமா அத்தை" என்றாள் மகள். "கொஞ்சம் அப்படித்தான்."

ஸ்டேஷன் மாஸ்டர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"அவ இல்ல. நான். நல்லதாப் பார்த்து வாங்கினது மட்டும்தான் அவ. ஒளிச்சு வெச்சது நான். ரிமோட்டைக் கையில கொடுத்துப் பழக்கினதும் நான். அவ்வளவு பெருமை பேசிட்டு, அது செத்துப் போச்சுன்னு சொல்ல நாக்கு வரல. இப்ப இவ பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிட்டா. நான் டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன்."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "காலம் பூரா பொய்ப்பல் கட்டறவன் நான். என்கிட்டயே கட்டிக் காட்டிட்டீங்களே சம்பந்தி!"

அவரைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. டாக்டரின் மனைவி "அப்படியா" என்றதோடு சரி. மருமகளிடம் வருத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லுங்கள் என்று கேட்கும் யோக்கியதை தனக்கு இல்லை என்பதால் ஸ்டேஷன் மாஸ்டரும் அதைக் கேட்கவில்லை. மகள் சோபாவின் ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் இசைத்தட்டைத் திருப்பிப் போட்டார். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அவர்கள் கிளம்பிப் போகும்வரை ஸ்டேஷன் மாஸ்டரால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த மருமகளின் பின்னால் போய் நின்றார். மன்னிப்பு என்ற சொல் அவருக்குப் பழக்கமில்லை. அவளே திரும்பினாள்.

"டீத் தட்டை வாங்காம இருந்திருக்கணும் மாமா. தப்பு பண்ணிட்டேன்."

அவர் அங்கே நிற்க முடியாமல் வாசலுக்குப் போனார்.

மருமகள் ஏதோ மட்டமான பெட்டியை வாங்கி ஒளித்து வைத்து மாமனாரைச் சம்பந்தி முன்னால் கோமாளியாக்கினாள் என்று உறவுக்காரர்கள் இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அது தவறு. பெட்டி மட்டமானதல்ல. ஒளித்தது அவளல்ல, ஸ்டேஷன் மாஸ்டர்.