ஜாலான் குலசேகரம்

பெயர்ப் பலகையை மூடியிருந்த மஞ்சள் துணியை விலக்கிய நிமிடத்திலேயே குலசேகரத்தின் முதுகில் வண்டிகள் ஓடத் தொடங்கின. முதலில் ஏறியது ரொட்டிக்காரரின் மோட்டார், அதன் பின்னால் ஒரு பள்ளி வேன், அப்புறம் எதையோ துரத்திக்கொண்டு ஒரு நாய். அந்த நேரத்தில் அவர் பினாங்கிலேயே இல்லை. மெல்பர்னில் மகள் ராகினியின் வீட்டுக் கட்டிலில், வாழ்நாள் முழுக்கப் படுத்த மாதிரியே பலகை போலக் காலை நீட்டிக் குப்புறப் படுத்திருந்தார். அவர் போட்ட சத்தத்தில் ஓடி வந்த மனைவி செல்வநாயகி, பெரிய ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர், பதறவில்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்தார். பிடரியில் தொடங்கி இடுப்பு வழியாகக் குதிகால் வரைக்கும் டயர் தடம் லேசாக விழுந்திருந்தது. தோலில் தார் வாசனை. காய்ச்சல் இல்லை, ரத்த அழுத்தமும் சரியாக இருந்தது. ஆகவே தைலம் தேய்த்துவிட்டுத் தேநீர் போடப் போனார்.

காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் ரோட்டின் கதையைச் சொல்ல வேண்டும். பினாங்கு மலையின் அடிவாரத்தில், தண்ணீர்மலைக் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது அது. ஒரு காலத்தில் ஜாதிக்காய்த் தோட்டத்து மாட்டுவண்டிப் பாதை. தோட்டம் போய் வீடுகள் வந்தன. பெயர் மட்டும் வரவில்லை. மலாய்க்காரர்கள் அதைப் பின்பக்கத்து ஜாலான், அதாவது பின்பக்கத்து ரோடு, என்றார்கள், சீனர்கள் ஜாதிக்காய்ச் சந்து என்றார்கள், தமிழர்கள் குலசேகரம் போட்ட ரோடு என்றார்கள். தமிழர்கள் சொன்னதுதான் உண்மை. கல்யாணமான புதிதில் குலசேகரம் குமாஸ்தா வேலை முடிந்து வரும்போதெல்லாம் தன் பழைய காரின் பின்பெட்டியில் ஜல்லி அள்ளி வந்து, அந்தச் செம்மண் பாதையின் குழிகளில் கொட்டி, காலால் மிதித்துச் சமப்படுத்தினார். ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து விடியற்காலையில் சைக்கிளில் வரும் செல்வநாயகி சேற்றில் சறுக்கி விழுந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் காரணம். பொதுநலம், சமூகத்தொண்டு என்றெல்லாம் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெண்டாட்டி மேல் இருந்த பைத்தியம். சைக்கிளைச் சுவரில் சாய்க்கும் சத்தம் கேட்டதும் படுத்தபடியே, "வந்திட்டீரோ?" என்று கேட்பார். "ஓம், வந்திட்டன். படுங்கோ" என்பார் செல்வநாயகி. வருடக்கணக்காக இதே பேச்சுத்தான். நகர் மன்றம் பிற்பாடு வந்து அந்த ஜல்லியின் மேல்தான் தார் ஊற்றியது.

பெயரில்லாத ரோட்டில் குடியிருப்பது லேசான காரியம் இல்லை. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவரும் குடியிருப்போர் சங்கத் தலைவருமான தங்கராஜு, மகளின் நிச்சயதார்த்தத்துக்குச் சொல்லிவைத்த நாசி கண்டார் சோறும் குழம்பும் முழுவதும் வேறொரு ரோட்டில் போய் இறங்கி, அங்கிருந்தவர்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் பெயர் கேட்டு மன்றத்தின் படியேறினார். ஸுல்கிஃப்லி என்ற இளம் அதிகாரி, ஆள் பெயர் வைக்கலாம், ஆனால் அந்த ஆள் இறந்தவராக இருக்க வேண்டும் என்று விதியைச் சொன்னார். குலசேகரத்தின் பெயரையே மனதில் வைத்திருந்த தங்கராஜு முகம் தொங்கிப்போய்த் திரும்பினார். அந்த வாரமே மெல்பர்னிலிருந்து ராகினி, அப்பாவின் எண்பதாவது பிறந்தநாள் படத்தை அவருக்கு அனுப்பினாள். கழுத்தில் ரோஜா மாலை, நெற்றி நிறையத் திருநீறு, முன்னால் எரியும் குத்துவிளக்கு, முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்ட ஒரு சாந்தம். மாலையையும் விளக்கையும் ஒரே படத்தில் பார்த்தால் நம்மவர்களுக்கு வேறென்ன தோன்றும்? தங்கராஜு கண்ணாடியைக்கூடத் தேடவில்லை. தேம்பித் தேம்பி அழுதார். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு ஸுல்கிஃப்லியிடம் ஓடினார். படத்தையும் தங்கராஜுவின் கண்களையும் பார்த்த ஸுல்கிஃப்லிக்கு மேற்கொண்டு எதுவும் கேட்க மனம் வரவில்லை. மெல்பர்னுக்குப் போன் போட்டுத் துக்கம் கேட்க எல்லோருக்கும் தயக்கம். தங்கராஜு கேட்டிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

இறந்தவர் வாடகைக் காரிலிருந்து பெட்டியோடு இறங்கியபோது சந்தியில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் காமாரியா கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். தங்கராஜு சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து குலசேகரத்தைக் கட்டிக்கொண்டார். "அண்ணே, நீங்க சாகலையாலா!"

"செத்தால் உங்களுக்குத்தானே முதல்ல சொல்லுவம், தங்கராஜு" என்றார் செல்வநாயகி. பிறகு தலையை நிமிர்த்திப் பலகையைப் படித்தார். ஜாலான் குலசேகரம். மெல்பர்னில் தேய்த்த தைலத்துக்கெல்லாம் அப்போதுதான் கணக்குப் புரிந்தது.

அவர் எதையும் சோதித்துப் பார்க்காமல் ஏற்கிறவர் இல்லை. கணவரைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு வாசல் கேட்டில் போய் நின்றார். "வெள்ளை வேன், பின் டயர்ல காத்துக் குறைவு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வந்தது வெள்ளை வேன்தான். ஓட்டியவர் இறங்கிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். சந்தி குலசேகரத்தின் பிடரியில் இருந்தது, அவருடைய சொந்த வீடு இடுப்பில், கடைசி வீடு முழங்காலில், அதற்கப்பால் காட்டோரமாக மலையைத் தொடும் முனை குதிகாலில். எழுந்து நடமாடும்போது வெறும் குறுகுறுப்புத்தான்; படுத்தால் ரோடு முழுதாக வந்து ஏறிக்கொள்ளும். ஒரு மாதத்துக்குள் ஊருக்கே பழகிவிட்டது. ரொட்டிக்காரர் எங்கே வருகிறார், பள்ளி வேன் கிளம்பிவிட்டதா என்று பெண்கள் அவரிடம் கேட்டுக்கொண்டார்கள். நேரங்கழித்து வீடு திரும்பும் பிள்ளைகள் மோட்டாரை அணைத்துச் சந்தியிலிருந்தே தள்ளிக்கொண்டு போனார்கள். அதையும் அவர் கண்டுபிடித்தார், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. தைப்பூசத்தன்று குறுக்கு வழியாகக் கோயிலுக்குப் போனவர்கள் விடியலிலிருந்து அந்த ரோட்டை நிறைத்துவிட்டார்கள். பால்குடம் சுமந்த பெண்களும், காவடிக்காரர்களும், உறுமி அடிப்பவர்களும், தோளில் தூங்கும் குழந்தைகளும் வெறுங்காலோடு முதுகில் ஏறிப் போக, குலசேகரம் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார், அழுதார், மறுபடியும் சிரித்தார். தங்கராஜு சந்தியில் உடைத்த தேங்காய்களில் பிடரி மட்டும் கொஞ்சம் கன்றிப்போனது. செல்வநாயகி ஐஸ் வைத்தார். அவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை, வெளியே ஓடிப் போய் யார் யார் என்றே பார்க்காமல் எல்லோர் கையிலும் மோர் கொடுத்தார்.

அந்தச் சந்தோஷத்தின் மேல்தான் லோரிகள் வந்தன. ரோட்டின் முனைக்கு மேலே மலையைச் செதுக்கிக் கோபுரம் கோபுரமாக வீடு கட்ட ஒரு கம்பெனி அனுமதி வாங்கியிருந்தது. கல்லேற்றிய முதல் லோரி சந்தியில் திரும்பியபோது குலசேகரம் முற்றத்தில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். படுத்தாலென்ன, நின்றாலென்ன என்று லோரி பார்க்கவில்லை. நின்றவரை அப்படியே தரையில் சாய்த்தது. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்த செல்வநாயகிக்கு அந்தத் துடிப்பு எப்படிப்பட்டது என்று தெரியும். அப்படித் துடித்தவர்களின் முகத்தை அவர் எத்தனையோ முறை வெள்ளைத் துணியால் மூடியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் எல்லாப் படமும் எடுத்துப் பார்த்துவிட்டு, முதுகெலும்பில் ஜல்லி இருக்கிறது, மற்றபடி வயதுக்கோளாறு என்றார்கள்.

செல்வநாயகி நேரே மன்றத்துக்குப் போனார். ஸுல்கிஃப்லி எழுந்து நின்று வரவேற்று, உண்மையான கவலையோடு கேட்டுக்கொண்டார். உயிரோடு இருப்பவர் பெயரை வைத்ததே விதிக்குப் புறம்பு, பலகையைக் கழற்றிவிட்டால் பெரியவர் பாக்சிக்கின் முதுகு அவருடைய முதுகாகவே ஆகிவிடும், கம்பெனியே வேறொரு பெயர் தந்திருக்கிறது, நாளைக் காலையில் நானே வந்து கழற்றுகிறேன் என்றார். செல்வநாயகிக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

செய்தியைக் கேட்ட குலசேகரம் சந்தோஷப்படவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "உம்மட சைக்கிள் போயிடுமப்பா" என்றார்.

"எந்தச் சைக்கிள்? அதைப் பழைய இரும்புக்குப் போட்டு எத்தனை காலம்!"

"விடியப்புறம் ஒவ்வொரு நாளும் வருது. மெல்லிய டயர். சந்தியில கொஞ்சம் தடுமாறும், பிறகு நேராய் வரும். எங்கட கேட்டுக்கிட்ட வந்து நிக்கும். நீர் வேலை முடிஞ்சு வாறீர், செல்வம். நீர் பக்கத்தில நித்திரை, ஆனா ரோட்டால நீர் வாறீர்." மூச்சு வாங்கியது அவருக்கு. "பலகையைக் கழட்டினா ரோடு போயிடும். ரோடு போனா நீர் வாறது எனக்கு எப்பிடித் தெரியும்?"

செல்வநாயகிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாகப் போகிற மனுஷனுக்குச் சைக்கிள் ஒரு கேடா என்று கத்தினார். சமையலறைக்குப் போய் ஒரு காரணமும் இல்லாமல் எல்லாப் பாத்திரத்தையும் கழுவினார். இரும்புக்குப் போட்ட அந்தச் சைக்கிளின் மேல் இருபத்தைந்து வயதில் தான் பட்ட குளிர் முழுவதும் ஞாபகம் வந்து, குழாயைத் திறந்து விட்டபடியே அழுதார்.

காலையில் சந்தியில் கூட்டம் கூடிவிட்டது. ஸுல்கிஃப்லி ஏணியோடும் ஸ்பேனரோடும் வந்திருந்தார். அவருக்குப் பின்னால் லோரிகள் உறுமிக்கொண்டு வரிசை பிடித்து நின்றன. புத்தி கழற்று என்று சொல்ல, செல்வநாயகியின் கை ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டது. "தம்பி, கொஞ்சம் பொறுங்கோ" என்றார். ஸுல்கிஃப்லி பொறுத்தார், லோரிகள் பொறுக்கவில்லை. முன்னால் நின்றது ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே புகுந்தது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மற்றவையும். செல்வநாயகி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த வயதில், லோரிகளுக்குப் பக்கத்திலேயே ஓடினார். தன் கால்களும் அவர் முதுகில்தான் படுகின்றன என்ற நினைப்பு வந்ததும் நுனிக்காலில் ஓடினார்.

உள்ளே குலசேகரம் சாம்பல் பூத்துப்போய்ப் பலகை மாதிரிக் கிடந்தார். லோரி இடுப்பைத் தாண்டிக்கொண்டிருந்தது. செல்வநாயகிக்கு யோசிக்க நேரமில்லை. முதுகுவலி நோயாளிகளுக்கு வார்டில் சொன்னது தானாக வாயில் வந்தது. "இஞ்சாருங்கோ, ஒருக்களிச்சுப் படுங்கோ. காலை மடக்குங்கோ. முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டு வாங்கோ!" வாழ்நாளில் காலை மடக்கிப் படுத்திராத அந்த மனுஷன், அவர் சொன்னார் என்பதற்காக, முனகிக்கொண்டே மடக்கினார்.

வெளியே ஒரு பெரிய சத்தம், அப்புறம் பிரேக்குகளின் கீச்சு, அப்புறம் ஒன்றுமே இல்லை. தங்கராஜு கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். "அக்கா! ரோட்டக் காணோம்லா! மேல் முனை அப்படியே சுருட்டிக்கிட்டு வந்துருச்சு! கடைசி வீட்டோட நிக்குது!"

அப்படித்தான் நின்றது. மலை இருந்த இடத்தில் மலை இருந்தது, ரோடு இருந்த இடத்தில் ரோடு இருந்தது, இரண்டுக்கும் நடுவில் ஆள் உயரத்துக்குக் காடு நின்றது. லோரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் பின்னாலேயே நகர்ந்து சந்திக்குப் போயின. இறங்குகிற பாரம் ஏறுகிற பாரம் அளவுக்கு வலிக்கவில்லை என்று குலசேகரம் சொன்னார். ஜனங்கள் போட்ட கூச்சலில் காமாரியா அன்றைக்கு நாசி லெமாக்கைச் சும்மாவே கொடுத்துவிட்டாள். ஸுல்கிஃப்லி ஏணியை மடக்கி வேனில் ஏற்றினார். பலகையில் இருப்பது ரோட்டின் பெயர், ரோடு உயிருள்ள மனிதர் அல்ல, ஆகவே விதி மீறப்படவில்லை என்று ஆபீசில் சொல்லிக்கொண்டார். கம்பெனிக்காரர்கள் அளவுகோலோடு சில மாதம் வந்தார்கள். குலசேகரம் கடைசியாக எந்த நிலையில் படுத்தாரோ அந்த நீளத்திலேயே ரோடு கிடந்தது, அவரும் தினமும் மடக்கியே படுத்தார். கடைசியில் வேறு எங்கேயோ மலை தேடிப் போய்விட்டார்கள்.

இதில் கஷ்டம் செல்வநாயகிக்குத்தான். எண்பது வயதுவரை பலகையாகக் கிடந்தவரின் முழங்கால் இப்போது ராத்திரி முழுக்க அவர் முதுகில் குத்துகிறது. நகர்ந்து படுக்கிறார், திட்டுகிறார், மறுபடியும் பக்கத்திலேயே வந்து படுக்கிறார். விடியற்காலையில் குலசேகரத்தின் பிடரி லேசாகத் துடிக்கும். சந்தியில் கொஞ்சம் தடுமாறி, அப்புறம் நேராக வந்து, இடுப்பருகே ஏதோ நிற்கும். தூக்கத்திலேயே, "வந்திட்டீரோ?" என்று கேட்பார்.

"ஓம், வந்திட்டன். படுங்கோ" என்பார் செல்வநாயகி, கண்ணைத் திறக்காமல்.

போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படிச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் படுத்திருந்தார். பிறகு, மலையில் நடக்கப் போகிறவர்கள் கடைசி வீட்டு வாசலில் தண்ணீர்ப் போத்தலோடு காத்துக்கொண்டிருப்பார்கள் என்று ஞாபகம் வர, கணவரின் தோளைத் தட்டிக் காலை நீட்டச் சொன்னார்.