மூன்றாவது இன்னிங்ஸில் என்ன நடந்தது

அம்பயர் ரைமருக்குக் கண் சரியில்லை என்பது எங்கள் பேஸ்பால் லீக்கில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து, துணைக்கு வரவேண்டிய இரண்டாவது அம்பயரும் வரவில்லை. பேட்டருக்குப் பின்னால் குனிந்து நின்றுகொண்டே, தூரத்தில், அடித்தவன் ஓடித் தொடவேண்டிய முதல் பேஸில் நடப்பதற்கும் ரைமரே தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். கேட்கவா வேண்டும்!

"ரைமர்! முகமூடியைத் திருப்பிப் போட்டிருக்கியாய்யா?" என்று மேவிஸ் ஆரம்பித்துவைத்தாள். பிரென்னர்வில் மைதானத்தில் பதினைந்து வருடமாக என் பக்கத்து இருக்கைக்காரி. அவள் வாய்க்குப் பயந்து எதிரணிக்காரர்கள் எங்கள் பக்கம் திரும்பவே மாட்டார்கள்.

"அந்த ஆள்கிட்டதான் என் பொண்ணு கார் ஓட்டக் கத்துக்கிட்டா. நினைச்சாலே பயமா இருக்கு" என்றாள் என்னிடம்.

எனக்கு வேறு விஷயத்தில் பயம். அன்று பந்து வீசிக்கொண்டிருந்தவன் என் மகன் டோபின். போன வருடத்துக்கு முந்தின வருடம் முழங்கையில் ஆபரேஷன். கல்லூரி அணி அவனை அத்தோடு கைகழுவிவிட்டது. இந்த சீசனில்தான் எங்கள் ஊர் அணிக்காகத் திரும்ப வீச ஆரம்பித்திருந்தான். ஒரு ஆட்டத்தில் எண்பது பந்துக்கு மேல் போனால் தைத்த இடம் மறுபடி கிழியலாம், கிழிந்தால் இன்னொரு தடவை தைக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் மேனேஜர் டேல் என் எதிரிலேயே தலையாட்டியிருந்தார். "எண்பது ஆச்சுன்னா எடுத்துடுவேன் வெரீனா, நீ கவலைப்படாதே" என்றிருந்தார். 

மூன்றாவது இன்னிங்ஸில்தான் அந்தச் சனியன் பிடித்த பந்து வந்தது. எதிரணியான சில்வர் க்ரீக்கின் பேட்டர் ஒருவன் பந்தை லேசாகத் தட்டிவிட்டு ஓடினான். பந்து உருண்டு உருண்டு எங்கள் ஜோனாஸிடம் போயிற்று. அவன் குனிந்து எடுத்தான், கையுறைக்குள் போன பந்து ஒருமுறை துள்ளி வெளியே வந்தது, மறுபடி பிடித்து முதல் பேஸுக்கு எறிந்தான். ரைமர் இரண்டு கையையும் விரித்து 'சேஃப்' என்றார். ஓடினவன் பந்துக்கு முன்னால் பேஸைத் தொட்டுவிட்டானாம்.

"அவுட்யா அது! அவுட்டு!" ஊரே எழுந்து நின்று கத்தியது. நானும்தான் கத்தினேன். டேல் ஓடிப்போய் ரைமரின் மூக்குக்கு நேராக நின்று தொப்பியைத் தரையில் அடித்தார். அந்தக் கூச்சலில் ஒருத்தரும் கேட்காமல் விட்டது ஒன்றே ஒன்று. அது ஜோனாஸின் தப்பா, இல்லை அடித்தவனின் சாமர்த்தியமா? எர்ரரா, ஹிட்டா? எர்ரர் என்றால் பந்து வீசியவன் கணக்கில் ஹிட் ஏறாது. அதை முடிவு செய்வது அம்பயர் இல்லை, மரக்கூண்டுக்குள் உட்கார்ந்து ஸ்கோர் எழுதும் எல்மர். வழக்கமாக ஸ்கோர் பலகையைப் பார்த்தால் தெரிந்துவிடும். மே மாதம் விழுந்த ஆலங்கட்டி மழையில் பலகையின் பாதி விளக்கு போய்விட்டது. ரன் மட்டும்தான் தெரியும்.

அதற்கப்புறம் ஒருத்தனாலும் டோபினின் பந்தை அடிக்க முடியவில்லை. 

எங்கள் முன்வரிசையில் உர்பன் என்று ஒரு பெரியவர் உண்டு. லீக்கில் எந்த ஊரில் எவன் எப்படி வீசினான் என்று கேட்டால் போதும், நிறுத்தவே மாட்டார். ஐந்தாவது இன்னிங்ஸ் வரை பேசிக்கொண்டுதான் இருந்தார்.

"ஜூன்ல சில்வர் க்ரீக் பையன் ஒருத்தன் பதினேழு பேரைப் பந்தைத் தொடவிடாம ஸ்டிரைக் அவுட் பண்ணான், பார்த்தியா மேவிஸ்?"

"அட போங்க உர்பன்! எதிர ஆடினவங்க முந்தின நாள் கல்யாணத்துல விடிய விடியக் குடிச்சவங்க. அவங்களுக்குப் பந்து ரெண்டு ரெண்டா தெரிஞ்சிருக்கும்."

"குடிச்சாலும் பேட்டைப் பிடிச்சுக்கிட்டுத்தானே நின்னாங்க?"

"பிடிச்சுக்கிட்டு நிக்கலன்னா விழுந்திருப்பாங்க!"

ஆறாவது முடிந்ததும் உர்பன் பேச்சை நிறுத்திவிட்டார். மேவிஸும் நிறுத்திவிட்டாள். பன்னுக்குள் சாசேஜை வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் பந்து வீசுகிற பிட்சர் ஆட்டத்தை முடித்தால் அதற்கு ஒரு பெயர் உண்டு. முடிகிறவரை அந்தப் பெயரை யாரும் வாயில் எடுக்கமாட்டோம். எடுத்தால் அடுத்த பந்திலேயே கெட்டுப்போகும். அந்த பிட்சரின் பக்கத்தில் சொந்த அணிக்காரர்களே உட்காரமாட்டார்கள். டோபின் பெஞ்சின் ஒரு ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

அப்படியென்றால் மூன்றாவது இன்னிங்ஸில் நடந்தது எர்ரர்தானா?

"மேவிஸ், அந்த ஜோனாஸ் பந்து..."

"வாயை மூடுடி!" அவள் என் தொடையைக் கிள்ளினாள்.

உர்பனிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். "உர்பன், இன்னைக்கு வெயில் எப்படி? எல்லாம்... சுத்தமா இருக்கா?"

"டேலைப் பாரு. எடுக்கலையே" என்றார் அவர், உதடு அசையாமல். "அவருக்குத் தெரியாமலா இருக்கும்?"

அது சரிதான் என்று பட்டது. எண்பது பந்து எப்போதோ தாண்டியாயிற்று, டேல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். காரணமில்லாமலா உட்கார்ந்திருப்பார்? ஆனாலும் மனசு கேட்கவில்லை. எட்டாவது இன்னிங்ஸில் எழுந்து போய் எல்மரின் கூண்டுக் கதவைத் தட்டினேன். கதவை ஒரு விரல் அகலம் திறந்தார்.

"எல்மர், ஒண்ணே ஒண்ணு. அந்த மூணாவது..."

"கேட்காதே வெரீனா. யோசிச்சுக்கிட்டிருக்கேன்." கதவு சாத்திக்கொண்டது.

என்ன யோசனை? நடந்து முடிந்த பந்தைப் பற்றி இன்னும் என்னய்யா யோசனை? திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஒன்றும் புரியவில்லை. இருக்கிறதா, இல்லையா? இருக்கிறதென்றால் என் பிள்ளையின் வாழ்நாளுக்கும் ஒரு பெருமை, நான் கெடுக்கக்கூடாது. இல்லையென்றால் அவன் ஒன்றுமில்லாததற்குக் கையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். இந்த ரைமர் வேறு, நல்ல நல்ல பந்தையெல்லாம் ஸ்டிரைக் இல்லை என்று தள்ளித் தள்ளி, ஒரு பந்தில் முடிய வேண்டியதற்கு மூன்று பந்து வீசவைத்துக்கொண்டிருந்தார். அவரை வையக்கூட யாருக்கும் வாய் வரவில்லை. அவ்வளவு அமைதி.

ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ். ஒருவன் அவுட். அடுத்த பந்தை வீசிவிட்டு டோபின் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். வலது கையைக் கீழே தொங்கவிட்டு விரல்களை உதறினான். மரத்துப்போன கையைத்தான் அப்படி உதறுவார்கள். 

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"டேல்! என் பிள்ளையை வெளிய எடு! நோ-ஹிட்டரும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்!"

உர்பன் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். மேவிஸ் "ஐயையோ, சொல்லிட்டாளே!" என்று தலையில் கைவைத்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக, ரைமர் முகமூடியைக் கழற்றித் திரும்பி, "வெரீனா, நீயே சொல்லிட்டியா?" என்றார். ஆமாம், அந்த ஆள்கூட வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்!

அடுத்த பந்தை சில்வர் க்ரீக் பையன் ஓங்கி அடித்தான். நடு மைதானத்தில் போய் விழுந்தது. சந்தேகத்துக்கே இடமில்லாத ஹிட். டேல் நடந்து போய் டோபினிடமிருந்து பந்தை வாங்கிக்கொண்டார். மிச்சத்தை வேறொருவன் வீசி ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தான். ஜெயித்த ஊர் மாதிரியா இருந்தது? துக்க வீடு மாதிரி இருந்தது. ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் எல்மர் கூண்டிலிருந்து இறங்கி வந்தார்.

"மூணாவதுல நான் ஹிட்டுன்னுதான் போட்டேன்" என்றார்.

டேல் கையிலிருந்த பீரைக் கீழே வைத்தார். "என்னது? அப்ப ஏன்யா சொல்லல?"

"நீங்க எல்லாரும் கப்சிப்னு உட்கார்ந்திருந்தீங்க. ஊரே எர்ரர்னு பார்த்திருக்கு, நான்தான் தப்பாப் போட்டுட்டேன் போலன்னு நினைச்சேன். மாத்திடலாமான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்."

"நாங்க டேல் எடுக்கலையேன்னு கப்சிப்னு இருந்தோம்" என்றாள் மேவிஸ்.

"நீங்க கப்சிப்னு இருந்ததாலதான் நான் எடுக்கல!" என்று கத்தினார் டேல்.

உர்பன்தான் முதலில் சிரிக்க ஆரம்பித்தார், மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றுமில்லாத ஒன்றைக் காப்பாற்ற ஊர் கூடி என் பிள்ளையின் கையைப் பிழிந்திருக்கிறது!

டோபின் எங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தான். முழங்கையில் ஐஸ் பையை வைத்துத் துணியால் சுற்றினேன்.

"கேட்டியாடா கூத்தை? மூணாவதுலயே ஹிட்டாம். எல்மர் இப்பத்தான் வாயைத் திறக்கிறார்."

"எனக்குத் தெரியும்மா."

"எப்படித் தெரியும்?"

"அந்த இன்னிங்ஸ் முடிஞ்சதும் போய்க் கேட்டேன். ஹிட்டுன்னாரு."

சுற்றிக்கொண்டிருந்த துணி என் கையில் அப்படியே நின்றது. "தெரிஞ்சுமாடா வீசினே? டேல்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா எடுத்துடுவாரு." அவன் கண்ணாடி வழியாக மைதானத்தைப் பார்த்தான். "இந்த வருஷம் முழுக்க யாரைப் பார்த்தாலும் கை எப்படி இருக்கு, கை எப்படி இருக்குன்னுதானேம்மா கேக்கறாங்க. கடையில, சர்ச்சுல, வீட்டுல. இன்னைக்கு ஒருத்தரும் கேக்கல. எல்லாரும் நான் போடற பந்தைப் பார்த்தாங்க. அது முடிஞ்சுபோக வேண்டாம்னு இருந்துச்சு."

அவனை அறையலாமா, கட்டிப்பிடித்து அழலாமா என்று தெரியவில்லை. வலிக்கிறதா என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன். வண்டியைக் கிளப்பினேன்.

"அந்த ஏழாவதுல ஒரு கர்வ் பந்து போட்டியே" என்றேன். "ரைமர் ஸ்டிரைக் இல்லன்னாரே. எனக்கென்னவோ உள்ளே வந்த மாதிரிதான் தெரிஞ்சுது."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "உள்ளேதாம்மா! வெளியே போற மாதிரி போய் கடைசியில எப்படித் திரும்புச்சு தெரியுமா? இப்படி..."

காட்டுவதற்கு வலது கையைத் தூக்கினான். பாதிக்கு மேல் அது எழவில்லை. ஒன்றும் நடக்காதவன் போல இடது கையால் காட்டினான்.