செங்கல் வீட்டுப் பள்ளிக்கூடம்

பைன் பலகையில் கட்டிய பள்ளிக்கூடம் எரிந்து தரைமட்டமாகியிருந்தது. கெசியா ஒரு குச்சியால் சாம்பலைக் கிளறி ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரர்களின் துணி வெளுத்த கூலியில் அவள் வாங்கிக் கொடுத்த ஆணிகள் அவை. கொளுத்தியது யாரென்று ஊருக்கே தெரியும். ஜார்ஜியாவில் இனி அடிமைகள் இல்லை என்று பட்டாளத்துக்காரர்கள் படித்துச் சொல்லி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கொளுத்திய பழைய எஜமான்களின் கையில் துப்பாக்கி அப்படியேதான் இருந்தது.

வாத்தியார் சில்வேனஸ் காலைத் தாங்கித் தாங்கி வந்து பக்கத்தில் குந்தினார். அவளைப் போலவே அவரும் அடிமையாக இருந்தவர்தான், பீப்பாய்ப் பட்டறையில்; திருட்டுத்தனமாக எழுத்துப் படித்தவர். பள்ளிக்கூடத்துக்கு வேறு இடம் கிடைத்திருக்கிறது, பட்டாளத்து அதிகாரி சாவி கொடுத்துவிட்டார் என்றார். எந்த இடம் என்று மட்டும் சொல்லவில்லை. ஊரில் காலியாகக் கிடந்த செங்கல் வீடு ஒன்றே ஒன்றுதான்.

“அந்தக் கொட்டடியா?” என்றாள்.

“ஆமாக்கா. செங்கல்லு. தீ வெச்சாலும் அவ்வளவு சுலபமா புடிக்காது.”

“மனுசங்கள ஏலம் போட்ட எடத்துல புள்ளைங்கள உக்கார வெப்பியா தம்பி?”

“வேற எங்க உக்கார வெக்கிறது? நீங்களே சொல்லுங்க.”

அவள் குச்சியைச் சாம்பலிலேயே எறிந்தாள். அவள் மகள் டெல்ஃபியை அங்கேதான் மேடையேற்றினார்கள். சுவருக்கு வெளியே, கொல்லையில் கட்டிப்போட்டிருந்த கெசியாவுக்கு ஏலம் கேட்டவர்களின் குரல் மட்டும்தான் கேட்டது. பிள்ளையை லூசியானாவுக்குக் கொண்டுபோனார்கள் என்றார் ஒருவர், டெக்சாஸுக்கு என்றார் இன்னொருவர். விடுதலை வந்த நாளிலிருந்து ஊரைக் கடக்கும் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் ஜனம் வாசல் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அம்மாக்கள் பிள்ளைகளின் கையை விடவில்லை. எல்லோருடைய கண்ணும், மகளை அங்கே பறிகொடுத்த கெசியாமேல் இருந்தது. அவள் திரும்பி நடந்தால் பள்ளிக்கூடம் அன்றோடு முடிந்தது. சில்வேனஸை மனசுக்குள் திட்டிக்கொண்டே அவள் உள்ளே போனாள்.

புதிதாக அடித்த சுண்ணாம்பு நெடி. ஜன்னல்களில் கம்பி. கோடியில் அந்த மேடை. பின்னாலேயே வந்த பிள்ளைகள் அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு மற்றச் சுவர்களில் ஒண்டிக்கொண்டார்கள். கெசியா பாவாடையைச் சுருட்டிப் பிடித்து மேடையேறி உட்கார்ந்தாள். நடுப்பலகை வெறுங்கால்கள் பட்டுப் பட்டுக் குழிந்திருந்தது. அதில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

“வாங்கடி, வந்து உக்காருங்க. வெறும் பலகைதான்.”

சொன்னது பொய்யென்று அவளுக்கே தெரிந்தது. ஒரு சின்னப்பெண் வந்து ஏறினாள். பிறகு மற்றவர்கள்.

சில்வேனஸ் கரித்துண்டால் சுவரில் ஓர் எழுத்தை எழுதி உரக்கச் சொன்னார். எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். அடுத்த எழுத்தையும் சொன்னார்கள். அவர்கள் ஓய்ந்த பிறகு கெசியாவின் முதுகுக்குப் பின்னால், யாரும் உட்காராத சுவரோரத்திலிருந்து, இன்னொரு குரல் அதையே சொன்னது. கொஞ்சம் பிந்தி, கடைசியை இழுத்து, டெல்ஃபி பேசுகிற மாதிரியே.

கெசியா திரும்பவில்லை. பலகையில் சற்று முன்னால் நகர்ந்து பின்னால் இடம் விட்டாள். அடுத்த எழுத்தை, பின்னாலிருந்து வருகிற குரலும் கூடச் சேர்ந்துகொள்ளும்படி, மெல்ல, மிக மெல்லச் சொன்னாள்.